பழனி மலையின் பாசிகளை யார் எழுதி வைப்பது?



1961ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் பழனி மலையின் மாஸ் தாவரங்களைப் பற்றி முப்பத்தைந்து பக்க அளவில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஃபோரோ. பிரெஞ்சுக்காரர், இயேசு சபைத் துறவி. கொடைக்கானலிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் வருகிற செண்பகனூர்தான் அவர் இருந்த இடம். 1895இல் அங்கே தொடங்கப்பட்ட திரு இருதயக் கல்லூரி, குருமாணவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக ஏற்பட்டது. அங்கிருந்த பாதிரிமார்களோ இந்த மலையையே படித்தார்கள். ஆங்கிளாட் பாதிரியார் செடிகளைப் பார்த்துப் பார்த்து வண்ணத்தில் வரைந்தார், மலையில் கிடக்கும் கல்திட்டைகளையும் ஆராய்ந்தார். ஃபோரோ, யாரும் குனிந்து பார்க்காத பாசிகளைத் தேர்ந்துகொண்டார்.

அந்தக் கட்டுரை வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு இதே மலையில் நடந்து, இது இன்றும் இருக்கிறது, இது முன்பு சொன்ன இடத்தில் இல்லை, இது மேலே ஏறியிருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் வெளியூரிலிருந்து ஒரு வாரம் வந்து போகிறவராக இருந்தால் போதாது, மலையில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் வாதாட வந்திருக்கிறேன். ஊர்ப்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தச் செடிகளின் உடலமைப்பே அப்படிப்பட்ட ஆளைக் கேட்கிறது.

பாசி என்று நான் சொல்வது குளத்தில் மிதக்கும் பாசியை அல்ல. நிலத்தில், பாறையில், மரப்பட்டையில் வளரும் பச்சைத் தாவரங்களை. பள்ளிப் புத்தகத்தில் பிரையோஃபைட்டுகள் என்று படித்திருப்பீர்கள். மாஸ்கள், லிவர்வொர்ட்கள், ஹார்ன்வொர்ட்கள் என மூன்று கூட்டம். உலகில் மொத்தம் இருபதாயிரம் இனங்கள் அளவில் இருக்கின்றன. இந்தியாவில் ஏறத்தாழ 2,500.

மாஸையும் லிவர்வொர்ட்டையும் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ் இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். மாஸில் பெரும்பாலும் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இலை இருக்கும். பல இனங்களில் இலையின் நடுவே ஒரு நரம்பு ஓடும். லிவர்வொர்ட்டின் ஒரு வகை தட்டையாகத் தரையோடு படிந்து கிளைத்துப் போகும். ஓடைக்கரையில் அகலமாகக் கரும்பச்சை நிறத்தில் படர்ந்திருக்கும் டூமார்டியீரா அப்படிப்பட்டது. கிண்ணம் கிண்ணமாக மேலே எழும்பி, அந்தக் கிண்ணத்துக்குள் பச்சை வில்லைகளை வைத்திருக்கும் மார்க்கான்ஷியாவும் அப்படித்தான். மழைத்துளி விழுந்தால் வில்லைகள் தெறித்துப் போய் வேறிடத்தில் முளைக்கும். ஆனால் லிவர்வொர்ட்களில் பெரும்பாலானவை இப்படித் தட்டையானவை அல்ல, இலை உள்ளவை. பார்க்க மாஸ் போலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால் இலைகள் இரண்டு வரிசையாக இடமும் வலமும் அடுக்கியிருக்கும், பல இனங்களில் அடியில் சிறிய இலைகள் மூன்றாவது வரிசையாக ஓடும். நடுநரம்பு கிடையாது. மரப்பட்டையில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஃப்ருல்லானியாவைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வோர் இலைக்கும் அடியில் குல்லாய் வடிவத்தில் ஒரு சின்னப் பை இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைக்கும் பை அது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. சோலை மரக்கிளைகளிலிருந்து கற்றையாகத் தொங்குவது எல்லாம் மாஸ் அல்ல. சாம்பல் பச்சையாக, இழுத்துப் பிரித்தால் நடுவே வெள்ளை நூல் ஒன்று தெரிவது அஸ்னியா என்ற லைக்கன். இலை இலையாக இருந்தால் பெரும்பாலும் மாஸ்.

இந்தத் தாவரங்களுக்கு உண்மையான வேர் இல்லை. பிடித்துக்கொள்ள வேரிகள் உண்டு, அவ்வளவுதான். தண்ணீரையும் உப்புகளையும் இலையும் தண்டும் நேராக எடுத்துக்கொள்கின்றன. மிகப் பல இனங்களில் இலையின் தடிமன் ஒரே ஒரு செல். மேல்தோலில் மெழுகுக் காப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே காற்று ஈரமாக இருந்தால் இவையும் ஈரம், காற்று காய்ந்தால் இவையும் காய்ந்துவிடும். மார்ச் மாதத்தில் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் பக்கத்துச் சுவரில் கறுத்துச் சுருண்டு கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைப்போம். ஒரு மழை பெய்தால் சில நிமிடத்தில் இலை விரிந்து, பச்சை திரும்பி, மூச்சும் ஒளிச்சேர்க்கையும் தொடங்கிவிடும்.

மலைக்கும் இவற்றுக்கும் உள்ள உறவு இதனால் வருகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறைகிறது. மேகம் மலைமேல் தரையைத் தொட்டுப் போகிறது. மழை பெய்யாத நாளிலும் பனிமூட்டத்திலிருந்து இலை தண்ணீரை எடுத்துக்கொள்ளும். டான்சானியாவின் உலுகுரு மலையில் ஹங்கேரியத் தாவரவியலாளர் தாமாஷ் போச் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. மேகம் தங்கும் குறுமரக் காட்டில் மரங்களின் மேல் படர்ந்த பாசிகளும் மற்ற ஒட்டுத்தாவரங்களும் ஒரு ஹெக்டேரில் பல்லாயிரம் லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன என்று அவர் கண்டார். நம்முடைய சோலைகளிலிருந்து கோடையிலும் ஓடை வற்றாமல் ஓடுகிறதென்றால், அதற்குச் சோலை மண்ணும் வேர்களும் முதல் காரணம். மரத்தின் மேல் இருக்கும் இந்த ஈரப் போர்வையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காற்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் தாவரம், காற்றில் உள்ள நஞ்சையும் எடுத்துக்கொள்ளும். இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இங்கே கொடைக்கானலில் வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதன் பிறகு ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள் அந்தப் பகுதியின் மரங்களிலிருந்து மாஸையும் லைக்கனையும் எடுத்துப் பாதரசத்தின் அளவைச் சோதித்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. ஆலையைச் சுற்றிய பாசிகளில் பாதரசம் கூடியிருந்தது. ஆலையின் புகைபோக்கியிலோ கொட்டப்பட்ட கண்ணாடியிலோ கருவி வைக்க யாருக்கும் வாய்ப்பில்லாத ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதற்கு மரப்பட்டையில் இருந்த இந்தச் செடிகள் சாட்சி சொல்லின. ஸ்வீடனில் 1960களின் கடைசியில் ரூலிங், டைலர் என்ற இருவர் தொடங்கிவைத்த முறை இது. இன்று ஐரோப்பா முழுவதும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாஸைச் சேகரித்துக் காற்றில் படியும் உலோகங்களைக் கணக்கிடுகிறார்கள். எந்த மாஸ் எங்கே வளர்கிறது என்ற பட்டியல் முன்பே கையில் இருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

இனி, தென்னிந்திய மலைகளில் இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று பார்ப்போம். இதில் ஒரு குறை தொடக்கத்திலேயே விழுந்தது.

1830களில் புதுச்சேரியோடு தொடர்புடைய பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் நீலகிரியில் சேகரித்த பூவாத் தாவரங்களைப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கே காமில் மோந்தாஞ், முன்னாள் படை மருத்துவர், அவற்றைப் பிரித்துப் பெயரிட்டு 1842இல் வெளியிட்டார். 1859இல் வில்லியம் மிட்டன் இந்தியாவிலிருந்து போன பொட்டலங்களை எல்லாம் ஒன்றுதிரட்டி இந்திய மாஸ்களின் முதல் பெரிய நூலை எழுதினார். மிட்டன் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். உயிரினப் பரிணாமக் கொள்கையை டார்வினோடு ஒருசேர முன்வைத்த வாலஸுக்கு இவர் மாமனார். இந்த மனிதர்களின் உழைப்பின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. விளக்கொளியில், பழைய நுண்ணோக்கியில், ஒரு செல் தடிமனுள்ள இலையைப் பிரித்து வரைந்து அவர்கள் எழுதிய விளக்கங்களில் பல இன்றும் நிற்கின்றன. ஆனாலும் பெயரிட்டவர்கள் கண்டது காய்ந்த பொட்டலத்தை. நீலகிரி என்று மட்டும் எழுதிய சீட்டோடு போன பொட்டலம், எந்த உயரத்தில், எந்த மரத்தில், எந்த ஓடையோரத்தில் எடுத்தது என்று சொல்லாது.

ஃபோரோ இந்த வரிசையில் வேறுபட்டவர். அவரும் மாதிரிகளை இங்கிலாந்தில் டிக்சனுக்கும் பிரான்சில் பொத்தியே தெ லா வார்துக்கும் அனுப்பினார். அவர்கள் இருவரும் சேர்ந்து 1927இல் தென்னிந்திய மாஸ்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு மாஸ் பேரினத்துக்கு ஃபோரோவெல்லா என்று இவருடைய பெயரையே வைத்தார்கள். ஆனால் அனுப்பிய பிறகும் அவர் இந்த மலையில்தான் இருந்தார். அதே பாறையை மறுபடி பார்த்தார், அடுத்த பருவத்திலும் பார்த்தார். 1920களில் தொடங்கிய வேலையை 1961இல் பட்டியலாக்கினார். பல பத்தாண்டுகள் ஓரிடத்திலிருந்து பார்த்தவரின் பட்டியல் என்பதால்தான் அதை நாம் ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ள முடிகிறது.

அவர் எழுதியது மாஸ்களை. லிவர்வொர்ட்களுக்கு வருவோம். என் வாதத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

லிவர்வொர்ட்களில் மிகப் பெரும்பான்மையானவற்றின் செல்களுக்குள் எண்ணெய் உறுப்புகள் என்று ஒன்று உண்டு. சவ்வு சூழ்ந்த, மணமுள்ள எண்ணெய் நிறைந்த துளிகள். உலகில் வேறெந்தத் தாவரக் கூட்டத்திலும் இவை இல்லை. ஒரு செல்லில் ஒன்றா, மூன்றா, பதினைந்தா, வழவழப்பாக இருக்கிறதா, சிறு மணிகளாகப் பிரிந்திருக்கிறதா, நிறமற்றதா, பழுப்பா, சில இனங்களில் இருப்பதுபோல் நீலமா என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். பக்கத்துப் பக்கத்து இனங்களைப் பிரிக்க இது நல்ல அடையாளம். சோலையில் உயிருள்ள இலைகளின் மேலேயே வளரும் மிகச் சிறிய லெஜூனியா குடும்பத்து இனங்களில் இதைப் பாராமல் பெயர் சொல்வது மிகக் கடினம். இந்த எண்ணெய் உறுப்புகள் செடி காயக் காய மறைந்துவிடும். சிலவற்றில் சில நாள், சிலவற்றில் சில வாரம். கப்பலில் போன பொட்டலத்தில் மோந்தாஞ் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. இன்று பேருந்தில் ஏறிச் சமவெளிக் கல்லூரிக்குப் போய், அடுத்த மாதம் பிரிக்கப்படும் பொட்டலத்திலும் பார்க்க முடியாமல் போகலாம். காலையில் எடுத்து மாலையில் நுண்ணோக்கியில் வைப்பவருக்குத்தான் அது தெரியும். அதாவது, இங்கே வீடு உள்ளவருக்கு.

வித்து விடும் பருவமும் அப்படியே. மாஸின் வித்தகம் உறுதியான காம்பின் மேல் வாரக்கணக்கில், சில இனங்களில் மாதக்கணக்கில் நிற்கும். மூடி விழுந்த பிறகும் வாயைச் சுற்றியுள்ள பற்களை லென்ஸில் பார்க்கலாம். இலையுள்ள லிவர்வொர்ட்டின் காம்பு நிறமற்றது, மெத்தென்றிருக்கும். வித்துகள் முற்றியதும் சட்டென்று நீண்டு, உச்சியில் உள்ள கறுத்த உருண்டை நான்காகப் பிளந்து வித்துகளைத் தூவிவிட்டு, ஓரிரு நாளில் சாய்ந்து அழுகிவிடும். அந்த இரண்டு நாளில் அந்த மரத்தைக் கடந்து போகிறவர் யார்? பள்ளிக்கு நடக்கும் ஆசிரியர், காட்டுக்குள் சுற்றும் வேட்டைத்தடுப்புக் காவலர், பண்ணைக்குப் போகும் பெண். வெளியூர் ஆய்வாளர் அந்த நாளைத் தேர்ந்து வருவதற்கு வழியே இல்லை.

இப்போது உயரத்தைப் பற்றி. சுவிட்சர்லாந்தில் 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தாவரக் காப்பகங்களில் இருந்த பழைய பொட்டலங்களின் சீட்டுகளைப் பிரித்து, குளிர் விரும்பும் மாஸ், லிவர்வொர்ட் இனங்கள் எந்த உயரத்தில் சேகரிக்கப்பட்டன என்று பார்த்தார்கள். 1880க்கும் 1920க்கும் இடையில் எடுத்தவற்றை 1980க்குப் பின் எடுத்தவற்றோடு ஒப்பிட்டபோது, சராசரி உயரம் 200 மீட்டருக்கு மேல் கூடியிருந்தது. நூறாண்டுக்கு முன் அந்தச் சீட்டில் உயரத்தை எழுதியவருக்குப் புவி வெப்பமாதலைப் பற்றி எதுவும் தெரியாது. எழுத வேண்டியது என்பதால் எழுதினார். நம் பழனி மலையின் உச்சிகள் சுமார் 2,500 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. வந்தரவு உச்சியில் இருக்கும் ஒரு மாஸுக்கு அதற்கு மேல் ஏற இடம் இல்லை. அது இருக்கிறதா, எந்த உயரம் வரை இறங்கி வளர்கிறது என்பதை இப்போதே குறித்துவைத்தால்தான் இன்னும் முப்பதாண்டு கழித்து ஒருவர் ஒப்பிட முடியும்.

பிரிட்டன்காரர்கள் இதில் நமக்கு ஒரு முன்மாதிரி. 1896இல் மாஸ் பொட்டலங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள ஒரு குழு தொடங்கினார்கள். 1923இல் அது பிரிட்டிஷ் பிரையோலாஜிக்கல் சொசைட்டி ஆனது. நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு சதுரத்திலும் என்ன இருக்கிறது என்று எழுதி, 1991 முதல் 1994 வரை மூன்று தொகுதியாக வரைபட நூல் வெளியிட்டார்கள். 2014இல் மறுபடியும் புதிதாக. எழுதியவர்களில் பலருக்கு இது சம்பளத் தொழில் அல்ல. அந்த உழைப்பின் பயனாக, ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகளில் மட்டும் வளர்ந்து, ஐரோப்பாவில் பெரும்பாலும் வேறெங்கும் காணாமல், திரும்பவும் இமயமலையில் தென்படும் லிவர்வொர்ட்கள் எவை என்று இன்று அவர்களால் சதுரம் சதுரமாகக் காட்ட முடிகிறது.

ஆனால் அவர்களுடைய பத்துக் கிலோமீட்டர் சதுரத்தை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. நம் மலையின் தென்சரிவில் பத்துக் கிலோமீட்டருக்குள் 400 மீட்டரிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அடிவாரத்துப் பாலச்சுவரில் இருக்கும் ஹையோஃபிலாவும் சோலை மரத்தில் இருக்கும் மேக்ரோமிட்ரியமும் ஒரே சதுரத்தில் விழுந்தால் அந்தப் பதிவு எதையும் சொல்லாது. நமக்கு உயரப் பட்டைகள் வேண்டும். நூறு மீட்டருக்கு ஒன்று. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறும் பாதையை அப்படிப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையிலும் பாறை, மண், மரப்பட்டை, விழுந்த மரம், ஓடை என்று பார்த்தாலே பல ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத் தாளை மடித்துச் செய்த பொட்டலம், பென்சில், கைலென்ஸ், பேனாக்கத்தி இருந்தால் போதும். செடியில் உள்ளங்கையில் பாதி அளவுக்குமேல் எடுக்காதீர்கள். கொஞ்சமாக இருந்தால் எடுக்கவே வேண்டாம், படம் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலில், காற்றில் காயவிடுங்கள், அழுத்த வேண்டாம். பொட்டலத்தின் மேல் இடம், நாள், உயரம், எதன் மேல் வளர்ந்தது, எடுத்தவர் பெயர், வரிசை எண். ‘கொடைக்கானல், பாறை’ என்று எழுதினால் அது பெரோத்தே காலத்துச் சீட்டு. ‘ஓடைக்கரைப் பாறையின் வடக்கு முகம், தண்ணீர் தெறிக்கும் இடம், நாள் முழுவதும் நிழல்’ என்று எழுதினால் அடுத்தவர் அங்கேயே போய் நிற்கலாம். மரத்தில் எடுத்தால் எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர் தெரிந்தால் அதுவும் சரி. கைப்பேசி காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள், அடர்ந்த சோலைக்குள் அது பல மீட்டர் தவறும். நில அளவைத் துறை வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். படம் மட்டும் எடுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சில பெரிய இனங்களுக்குப் போதும். பெரும்பாலானவற்றுக்கு இலையின் செல்லைப் பார்க்காமல் பெயர் உறுதியாகாது. பொட்டலம் இருந்தால் நாளை வேறொருவர் திருத்தலாம். படத்தைத் திருத்த முடியாது.

காப்புக்காட்டிலும் 2013இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயத்திலும் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அதனால் உங்கள் சொந்தச் சுவரிலும் கிணற்றடியிலும் தோட்டத்துப் பேரிக்காய் மரத்திலும் தொடங்குங்கள். அவை எளியவை என்று தள்ளிவிடாதீர்கள். சிமெண்டுத் தரையில் வெள்ளியாக மின்னும் பிரையம் ஆர்ஜென்டியம், குப்பை எரித்த இடத்தில் முளைக்கும் ஃபியூனேரியா எல்லாவற்றையும் எழுதுங்கள். எல்லோரும் பார்க்கும் இனத்தை யாரும் எழுதாததால், அது குறையத் தொடங்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். ஃபோரோ சொன்ன இடத்துக்குப் போய், அங்கே இன்று சோலையோ புல்வெளியோ இல்லாமல் சீகை எனப்படும் வாட்டில் மரமும் பைனும் நின்றால், அதை நாளோடு குறித்து வைப்பதும் பாசிப் பதிவுதான்.

தனியாகச் செய்ய வேண்டிய வேலையும் அல்ல இது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் டல்சி டேனியல்ஸ் தம் மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்ததன் விளைவாக, மேற்கு மலைத்தொடரின் தென்கோடிக்கு 2013இல் ஒரு முழு நூல் கிடைத்தது. ஒரு கல்லூரித் துறை, சில மாணவர்கள், பக்கத்து மலை, இவ்வளவிலிருந்து அது எழுந்தது. பழனி மலைக்கும் அப்படியொரு நூல் வேண்டும், அதில் மாஸும் லிவர்வொர்ட்டும் ஹார்ன்வொர்ட்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பொட்டலங்கள் கடைசியில் உங்கள் வீட்டு அலமாரியில் தங்கிவிடக் கூடாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டலக் காப்பகம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் தாவரக் காப்பகம் இருக்கிறது. இவற்றில் ஒன்றில் முன்கூட்டிப் பேசி ஒப்படையுங்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு மற்ற வரிகளை நிரப்புங்கள், பெயரைப் பின்னால் யாரும் எழுதலாம். வடகிழக்குப் பருவமழை தணிந்ததும், உறைபனி இறங்குமுன், தொடங்க நல்ல காலம். வாசலருகே மேசையில் லென்ஸ்களும் பொட்டலத் தாள்களும் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தின் வடக்குச் சுவரில் ஈரம் இருக்கிறது. கேள்விகளை அங்கே நின்றபடி பேசுவோம், வாருங்கள்.